ரேடியோக்காட்டு சார்

அவர் பேனாவால் எழுதி நான் பார்த்ததில்லை. சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பென்சில், ஓர் அழிரப்பர். ஆராய்ச்சிக்காரர், கணக்குப் போட்டுப் போட்டு அழிப்பார்போல என்று முதலில் நினைத்தேன். ஆறு மாதம் கூட இருந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அழிக்க முடியாத எதையும் அவர் தன் கையால் எழுதமாட்டார். கரன்ட் போன நேரம் எழுதும் பதிவேடு, டீசல் பதிவேடு, வருகிறவர் போகிறவர் நோட்டு எல்லாம் என் கையெழுத்து. முதுகுக்குப் பின்னால் நின்று அவர் சொல்லுவார், நான் எழுதுவேன். கையெழுத்துப் போட மட்டும் என் பேனாவை வாங்குவார். போட்டுவிட்டு, மூடியைக் கழற்றி மறுபடி ஒருமுறை மூடித் திருப்பித் தருவார், பாம்பைத் திருப்பித் தருவதுபோல.

காரிமங்கலத்திலிருந்து பாலக்கோடு போகிற சாலையில் உள்ளே திரும்பினால் அந்த நிலையம். கல்லும் கருவேலமுமாக இருந்த இடத்தை வளைத்து வேலி போட்டிருந்தார்கள். நடுவில் நூறடிக் கம்பம். அதன் உச்சியிலிருந்து கூடாரம் மாதிரி நாலா பக்கமும் கம்பிகள். பக்கத்தில் ஒரு ஏசி அறை, அதற்குள் மிசின். எங்கள் பக்கம் மரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிலம் என்றால் காடுதான், அதனால் ஊர்க்காரர்கள் அதை ரேடியோக்காடு என்றார்கள். அவருக்கு அது பிடிக்காது. "அயனமண்டல ஆய்வு நிலையம்னு சொல்லுங்க" என்று கேட்டுக்குப் பால் கொண்டுவருகிறவரைக்கூடத் திருத்துவார். பால்காரர் சரிங்க என்று தலையாட்டிவிட்டு, போனில் யாரிடமோ, "ரேடியோக்காட்டாண்ட நிக்கறேன்" என்பார்.

நான் எட்டாவதோடு நின்றவன். போர்வெல் லாரியில் ஆந்திராவும் சத்தீஸ்கரும் சுற்றினேன். கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் அறுத்தேன். கர்நாடகாவில் செல்போன் டவர் ஏறினேன். டவரில் என்னோடு ஏறியவன் ஒருவன் விழுந்தான். அவனைப் புதைத்த மறுநாள் பஸ் ஏறிவிட்டேன். கம்பம் ஏறத் தெரிந்தவன் வேண்டும் என்று காண்டிராக்டில் என்னை இங்கே எடுத்தார்கள். கம்பி இறுக்குவது, புல் வெட்டுவது, அவ்வளவுதான் வேலை. கொஞ்ச நாளில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பையன் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டான். புது ஆள் கேட்டு எழுதினால், பழைய ஆள் ஏன் போனான் என்று கேள்வி வரும் என்று சார் எழுதவில்லை. என்னை உட்காரவைத்தார்.

அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது, மறைக்கவேண்டியதில்லை. கால் மணிக்கு ஒருமுறை மிசின் வானத்தை நோக்கி ரேடியோ அலையைத் தட்டிவிடும். மேலே நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் வெயில் பட்டு மின்னேறிய காற்று அடுக்கடுக்காக நிற்கிறது. அது அலையைத் திருப்பி அனுப்பும். திரும்பி வர ஆன நேரத்தை வைத்து, எந்த அடுக்கு எந்த உயரம் என்று திரையில் ஒரு கோடு விழும். வளைந்து மேலே ஏறும் கோடு, ஆட்டுக் கொம்பு மாதிரி. அந்தக் கோட்டின் நுனியையும் அடியையும் மவுஸால் தொட்டு எண்ணைக் குறிக்க வேண்டும். மேலே கலக்கம் இருந்தால் கோடு பிசிறும், பிரியும், புகையும். அந்தக் கலக்கத்தால் கப்பல் ரேடியோவும் விமான ரேடியோவும், போனில் வழி காட்டுவதும்கூடக் கெடும். அதைப் படிக்கத்தான் நிலையம்.

கோடு சரியாக விழாவிட்டால் எண்ணுக்குப் பதில் ஓர் எழுத்து போடவேண்டும். உலகம் முழுக்க எல்லா நிலையத்துக்கும் ஒரே எழுத்துகள். மேலே அலை விழுங்கப்பட்டால் பி. வெளியிலிருந்து இரைச்சல் வந்து கெடுத்தால் எஸ். நம் மிசின் கெட்டிருந்தால் சி.

முதல் நாளே சார் சொன்னார்: "எல்லாம் போடு. சி மட்டும் போடாத."

"மிசின் ரிப்பேர்னா சார்?"

"நம்ம ஸ்டேஷன்ல சி கிடையாது. நம்ம சைடு கிளியரா இருக்கணும்."

இந்த ஒரு வாக்கியத்தை அவர் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லுவார் என்று எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டேன். கேட் பூட்டு துருப்பிடித்தால், ஏசியில் தண்ணீர் ஒழுகினால், தலைமையகத்திலிருந்து போன் வந்தால், வராவிட்டால், எல்லாவற்றுக்கும் அதுதான். வானத்தின் கலக்கத்தைப் படிக்க வந்த மனிதர், தன் பெயருக்கு நேராக ஒரு சின்னக் கலக்கம்கூட விழுந்துவிடக் கூடாது என்றே பதினெட்டு வருடச் சர்வீஸை ஓட்டியிருந்தார்.

அவருக்கு விஷயம் தெரியாது என்று சொல்லமாட்டேன். ஒரு சாயங்காலம், கோடு ஏன் சூரியன் மறைந்ததும் இப்படிப் புகைகிறது என்று கேட்டேன். எழுந்து போய்க் கண்ணாடி டம்ளரும் சமையல் எண்ணெயும் கொண்டுவந்தார். எண்ணெயை ஊற்றி அதன்மேல் தண்ணீரைச் சரித்தார். கனமானது கீழே இறங்க, லேசானது குமிழி குமிழியாக மேலே கிளம்பியது. "பாரு. பொழுது போனதும் அடி அடுக்கு காலியாயிடும். மேல கனம், கீழ லேசு. அப்ப கீழயிருந்து இப்படித்தான் குமிழி கிளம்பும். ஒவ்வொண்ணும் நூறு கிலோமீட்டர் அகலம். நம்ம தலைக்கு மேலயே." சொல்லும்போது முகம் வேறாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் இப்படி ஒருவர் எனக்குச் சொல்லியிருந்தால் ஒருவேளை ஒன்பதாவது போயிருப்பேன்.

அடுத்த நிமிடம் அவர் முழங்கை பட்டு டம்ளர் கவிழ்ந்தது. எண்ணெய் பதிவேட்டின்மேல் பரவியது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எழுது," என்றார். "உதவியாளரின் கவனக்குறைவால் பதிவேட்டில் எண்ணெய் சிந்தியது."

எழுதினேன். ஒரு டம்ளர் எண்ணெய்தானே என்று இருந்தது.

இன்னொரு நாள், நடுப்பகல். திரையில் கோடே வரவில்லை. அடுத்த கால் மணி, அப்போதும் இல்லை. அறைக்கு ஓடிவந்தார். நெற்றியில் வியர்வை, ஏசியில். "ஏறு, ஏறு, மேல ஒயர் போச்சு பாரு" என்று என்னைக் கம்பத்தில் ஏற்றினார். சித்திரை வெயிலில் நூறடி ஏறிப் பார்த்தேன். எல்லாக் கம்பியும் இறுக்கமாக இருந்தது. இறங்கிவந்து சொன்னால் அவர் நம்பவில்லை. மிசின்தான் போய்விட்டது, தலைமையகத்துக்குச் சொல்லவேண்டிவரும், என்ன பராமரிப்பு பண்ணினாய் என்று கேட்பார்கள், இதுதான் அவர் தலைக்குள் ஓடியது. "நேத்து இதே நேரத்து நம்பரைப் போடு. வெறும் படத்தை அழிச்சிடு" என்றார். ஒரு மணி நேரத்தில் கோடு தானாகவே திரும்பி வந்தது, முதலில் மேல் நுனி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழ்ப்பகுதி.

பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது, அன்றைக்குச் சூரியனில் பெரிய வெடிப்பு. பகல் பக்கம் இருந்த அத்தனை நிலையத்திலும் வானம் அலைகளை விழுங்கியிருந்தது. எல்லாரும் பி போட்டு, அதன்மேல் கட்டுரை எழுதத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் நிலையத்தின் வானம் மட்டும் அன்றைக்கு அமைதியாக இருந்தது. தன் வாழ்நாளில் தேடியது தலைக்கு மேல் வந்து நின்றபோது, அழிக்கச் சொன்னவர் அவர்.

"ஒரிஜினல் படம் ஏதாவது வச்சிருக்கியா?" என்று மெல்லிய குரலில் கேட்டார்.

"நீங்கதானே சார் அழிக்கச் சொன்னீங்க."

 அப்புறம் எழுந்து, "யாரும் கேக்கல இல்ல? அப்ப நம்ம சைடு கிளியர்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். அன்றிலிருந்து எனக்கு அவர்மேல் மரியாதை என்று ஒன்று மிச்சமில்லை.

மாதம்மாக்கா கதை அதற்கப்புறம்.

வேலிக்கு மேற்கே அவர்களுடைய காடு. புருஷன் பெங்களூரில் கட்டட வேலை, மாதம் ஒருமுறை வந்துபோவார். முக்கால் ஏக்கர், ஒரு போர், நாலு ஆடு. அந்த ஆடுகள் வேலிக்குள் நுழைந்து கம்பிகளை முகர்ந்தன என்று சார் ஷாக் வேலி போட்டார். நொடிக்கு ஒருமுறை வேலிக் கம்பியில் மின்சாரம் தட்டும். ஆடு தொட்டால் சாகாது, குதித்து ஓடும். காலையில் போடுவதும் பொழுது சாய நிறுத்துவதும் என் பொறுப்பு.

கொஞ்ச நாளில் பகல் படங்களில் நெட்டுக்குத்தாகக் கோடுகள் விழ ஆரம்பித்தன. மழைச்சாரல் மாதிரி, கொம்பே தெரியாத அளவுக்கு. ராத்திரிப் படங்கள் சுத்தம். சார் ஜன்னல் வழியாகப் பார்த்தார். மாதம்மாக்காவின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பகலில்தான் விவசாயத்துக்கு த்ரீ பேஸ் கரன்ட் வரும், பகலில்தான் இரைச்சல். அவருடைய ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது. அந்த மோட்டார் எட்டு வருடமாக ஓடுகிறதே, இரைச்சல் வந்து ஒரு மாதம்தானே என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை. ஆனால் நான் எட்டாவது.

வேலியோரம் அவர்களைக் கூப்பிட்டார். என்னையும் நிறுத்தினார்.

"ஏம்மா, உன் மோட்டார் எங்க மிசினைக் கெடுக்குது."

"என்னாங்க சாரு, எம்மோட்டரு எங்காட்டுல ஓடுது. உங்க மிசினு வானத்துல பாக்குதுன்னு சொல்றீங்க. வானத்துக்கா தண்ணி வுடறன்?"

"இது சயின்ஸ். உனக்குப் புரியாது. கால் மணிக்கு ஒருவாட்டி எங்க மிசின் ஓடும். அந்த ரெண்டு நிமிஷம் நீ நிறுத்தணும். அப்புறம் போட்டுக்க."

"நெறுத்தி நெறுத்திப் போட்டா மோட்டரு தாங்குமாங்க?"

"ஃபேன் போடறோம், நிறுத்தறோம். ஃபேன் கெட்டா போகுது?"

நான் ஐந்து வருடம் போர் லாரியில் இருந்தவன். கிணற்றுக்குள் தொங்கும் மோட்டார் ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் எவ்வளவு கரன்ட் இழுக்கும், உள்ளே சுற்றிய காயில் கம்பி எப்படிச் சுடும் என்று தெரியும். "சார், சப்மர்சிபிள் மோட்டாரு அப்படி..." என்று ஆரம்பித்தேன். திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான், நிறுத்திக்கொண்டேன். அதைப் பிறகு நிறைய நினைத்திருக்கிறேன்.

மாதம்மாக்கா முடியாது என்றுதான் சொன்னார்கள். அப்போது சார் சாதாரணமாக, "உன் வண்டிப்பாதை எங்க எடத்துலதான் போகுது, தெரியும்ல?" என்றார். அந்தப் பாதையை அடைத்தால் தக்காளிப் பெட்டிகளை ரோட்டுக்குத் தலையில்தான் சுமக்கவேண்டும். பாதை என்றதும் மாதம்மாக்கா இறங்கிவந்து, "யாரு கால் கால் மணிக்கு நெறுத்தறது? எனக்குக் களை வெட்டற வேல இருக்குது" என்றார்கள். பாவம், அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது. சார் என் தோளில் கைவைத்தார்.

பன்னிரண்டு நாள் அவர்கள் மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். திரையில் குறிக்கும் வேலை தேங்கிக் கிடந்தது, சாரும் படங்களைத் திறந்து பார்க்கவில்லை. போனில் அலாரம். சிவப்புப் பொத்தான், இரண்டு நிமிடம், பச்சைப் பொத்தான். ஆறு மணி நேரக் கரன்டில் ஒரு நாளைக்கு இருபத்துநாலு தடவை. மாதம்மாக்கா மோர் கொண்டுவந்து கொடுப்பார்கள். "சாமிக்கே ரெண்டு வேளதான் பூச. உங்க மிசினுக்கு நாளெல்லாம் மணியடிக்கறியே தம்பி" என்று சிரிப்பார்கள். வாய்க்காலில் தண்ணீர் பாதி பாத்தி போவதற்குள் நின்றுபோகும். திரும்ப வரும்போது முதலிலிருந்து நனையும். தக்காளிச் செடியில் பூ நிறைந்திருந்தது, அங்கங்கே பிஞ்சு. இன்னும் இருபது நாள் தண்ணீர் கிடைத்தால் போதும், காய் பிடித்துவிடும் என்றார்கள்.

பதின்மூன்றாம் நாள் பச்சைப் பொத்தானை அழுத்தினேன். ஸ்டார்ட்டர் உறுமியது, விழுந்தது. மறுபடி அழுத்தினேன். உறுமல், விழுந்தது. மண்வெட்டியோடு மாதம்மாக்கா வந்து நின்றார்கள். தண்ணீர்க் குழாயின் வாயைப் பார்த்தார்கள். கடைசிச் சொட்டுகள் விழுந்துகொண்டிருந்தன.

பாலக்கோட்டிலிருந்து வண்டி வந்து மோட்டாரைத் தூக்கினார்கள். மெக்கானிக் பிரித்துப் பார்த்து, "காயிலு வெந்தே போச்சு. எந்தக் கூறுகெட்டவன் இத நெறுத்தி நெறுத்திப் போட்டவன்?" என்றார். மாதம்மாக்கா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "கரன்டுதான்" என்றார்கள். காயிலைத் திரும்பக் கட்டித் தரமுடியாது, புதுசுதான் வாங்கவேண்டும் என்று மெக்கானிக் கையை உதறினார்.

நான் நேராக சாரிடம் போனேன்.

"அவங்க மோட்டார் போச்சு சார்."

"ஐயையோ," என்றார். உடனே, "நம்ம சைடு கிளியர்தானே? அந்த மோட்டாரை நாம தொடல."

"நான் தொட்டேன் சார்."

"நீ தொட்ட. நான் தொடல."

இதைச் சொல்லும்போது அவருக்குக் கோபம்கூட இல்லை. உண்மையைச் சொல்லும் முகம்.

மூன்று நாள் கழித்துத் திரையில் பார்க்கிறேன், அதே நெட்டுக்குத்துக் கோடுகள். ஒன்றுகூடக் குறையவில்லை. மோட்டார் கொட்டகை வாசலில் பிரித்துப்போட்டுக் கிடக்கிறது, இரைச்சல் அப்படியே இருக்கிறது. என்னிடம் ஒரு சின்ன ரேடியோ உண்டு, டவர் வேலைக்காலத்துத் துணை. ஸ்டேஷன் இல்லாத இடத்தில் முள்ளை வைத்துக்கொண்டு வேலியோரம் நடந்தேன். டக், டக், டக். நொடிக்கு ஒன்று. தென்மேற்கு மூலைக்குப் போகப்போக அது அடிக்கிற மாதிரி கேட்டது. மூலைக் கம்பத்தில் கம்பியைத் தாங்கும் பீங்கான் விரிசல் விட்டிருந்தது. விரிசலில் நீலமாக ஒரு பொறி, நொடிக்கு ஒன்று, கம்பியிலிருந்து இரும்புக் கம்பத்துக்குத் தாவிக்கொண்டிருந்தது. வேலியை நிறுத்தினேன், ரேடியோ அடங்கியது. போட்டேன், டக்.

சாரைக் கூட்டிவந்து காதில் வைத்துக் காட்டினேன். புரிந்துகொண்டார். அவருக்குப் புரியாமல் இருக்குமா? ரேடியோதானே அவர் படிப்பு. நான்கைந்து தடவை வேலியைப் போட்டு நிறுத்திப் பார்த்தார். அப்புறம் சுற்றுமுற்றும் பார்த்தார், மாதம்மாக்கா எங்கே என்று.

"பீங்கானை மாத்திடு," என்றார்.

"அந்த ஒரு மாசத்துக்கு எஸ் போட்டிருக்கு சார். நம்ம வேலிதானே? சி போடவேணாமா?"

"நாய்ஸ் போயிடுச்சுல்ல? அப்புறம் என்ன?"

அந்த மாத அறிக்கையை அவர் சொல்லச்சொல்ல நான்தான் தட்டினேன். அருகிலுள்ள விவசாயிகளின் ஒத்துழைப்போடு இரைச்சல் களையப்பட்டது.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தக்காளிச் செடிகள் மத்தியானத்தில் தலையைத் தொங்கப்போட்டு, சாயங்காலம் பாதிதான் நிமிர்ந்தன. மாதம்மாக்கா கேட்டுக்கு வந்தார்கள். நிலையத்துக்குள் தனி போர் உண்டு. தலைமையக ஆட்கள் வந்தால் பார்க்க அறைக்கு முன்னால் புல்தரை, அதற்கு இரண்டு வேளை தண்ணீர்.

"சாரு, மோட்டரு கேக்கல. புதுசு வாங்க எங்கூட்டுக்காரரு எங்கியோ பொரட்டறாரு, நாளாவும். அதுவரிக்கும் உங்க பைப்ப இந்தாண்ட வுடுங்க. புல்லுக்கு வுடற தண்ணிதான?"

"கவர்மென்ட் தண்ணிம்மா. வெளிய போகக்கூடாது."

"'என்னால போச்சு'ன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லவாணாங்க. தண்ணி வுடுங்க, போதும்."

அதுதான் தப்பாகப் போயிற்று. தண்ணீர் கொடுத்தால் எதற்காகக் கொடுத்தார் என்று ஒரு கேள்வி வருமே. "எதுக்கும்மா நாங்க தண்ணி தரணும்? எங்களுக்கும் உன் மோட்டாருக்கும் என்ன சம்பந்தம்?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மாதம்மாக்கா திட்டவில்லை. புல்தரையையே பார்த்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார்கள்.

அந்த வாரம் அவருக்குத் தலைமையகத்தில் நாலு நாள் கூட்டம். அவர் பஸ் திரும்பியதும் புல்தரைக் குழாயைக் கழற்றி, இருந்த ரப்பர் குழாய்களையெல்லாம் ஒட்டி வேலிக்கு அந்தப்பக்கம் போட்டேன். சின்ன மோட்டார், தண்ணீர் மெலிசாகத்தான் வரும். வரிசை வரிசையாகப் பிடித்துக்கொண்டு நின்றோம், நான் ஒரு நேரம், அவர்கள் ஒரு நேரம். நாலு நாளில் பாதிக் காடு நிமிர்ந்தது. மேட்டுப்பக்கம் பாதியைக் காப்பாற்ற முடியவில்லை. அங்கே பூவெல்லாம் கொட்டிக் காம்புதான் நின்றது.

சார் வந்து இறங்கினார். பச்சையாக நின்ற தக்காளியைப் பார்க்கவில்லை. பழுத்துப்போன புல்லைப் பார்த்தார்.

கத்தவில்லை. அறைக்குக் கூப்பிட்டு, நாற்காலி காட்டி, வெள்ளைத்தாளை முன்னால் தள்ளினார். அனுமதி இல்லாமல் தண்ணீர் திறந்தேன் என்று எழுதச் சொன்னார். எழுதினேன். அப்படித்தானே செய்தேன். அப்புறம் பென்சிலை உருட்டிக்கொண்டே, "அந்த மோட்டார் விஷயத்தையும் இதுலயே போட்டுடேன்" என்றார். மோட்டார் எப்படிப் போயிற்று என்று கேட்டு ஊர்க் கவுன்சிலர் அவருக்குப் போன் பண்ணியிருந்தார் என்று தெரியும். பயம் வந்திருந்தது.

"என்னன்னு போடணும் சார்?"

"நீதான் நிறுத்தி நிறுத்திப் போட்ட, அதுல பழுதாயிடுச்சுன்னு. உள்ளதுதானே? நான் சொன்னேன்னு எல்லாம் வேணாம்."

பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன். எண்ணெய் டம்ளர் மாதிரி இல்லை இது. எழுதினால் வேலை போகும். வேலை எனக்குப் பழக்கம்தான், போவதும் வருவதும். எழுதாவிட்டால் மாதம்மாக்காவுக்கு என்ன கிடைக்கும்? அதுவும் ஒன்றுமில்லை. மோட்டாரும் இந்த நிலையமும் ஒரே தாளில் இதுவரை எங்கேயும் சேர்ந்து எழுதப்பட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

எழுதினேன். நிலையத்தின் பணியாளராகிய நான், பணி நேரத்தில், பக்கத்து நிலத்து மாதம்மாளின் மின்மோட்டாரைக் கால் மணிக்கு ஒருமுறை பன்னிரண்டு நாள் நிறுத்தி இயக்கினேன், அதனால் அது எரிந்து பழுதானது. படித்துப் பார்த்தார். 'பணி நேரத்தில்' என்பது அவருக்கு ஆபீஸ் பாஷையாக, நன்றாகப் பட்டது போலிருக்கிறது. தலையாட்டினார். முழுப் பழியும் இன்னொருவன் கையெழுத்தில் இருப்பதைப் பார்த்த நிம்மதியில், "டீ சொல்லவா?" என்றார். அவர் எனக்கு வாங்கிக்கொடுத்த ஒரே டீ அது.

"வாங்கிக்கிட்டதுக்குக் கையெழுத்து போட்டு ஒரு காப்பி குடுங்க சார். பின்னாடி நான் எழுதலன்னு யாரும் சொல்லிடக் கூடாது."

"கரெக்ட், கரெக்ட். அதான் புரொசீஜர்," என்றார். என் பேனாவை வாங்கிப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டார். நிலைய முத்திரையை எடுத்து, இங்க் சரியாகப் பிடிக்கவில்லை என்று ஊதி, இரண்டாம் தடவை அழுத்திக் குத்தினார்.

அந்தக் காப்பியை மாதம்மாக்கா கையில் கொடுத்தேன். அவர்களுக்கு முதலில் புரியவில்லை. "உம்மேலயே எழுதிகினியே, பைத்தியமா நீ?" என்றார்கள். "முத்திரையப் பாருங்கக்கா," என்றேன். பார்த்தார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். நாலு வரியை இரண்டு தடவை விரலை வைத்துப் படித்துவிட்டு, மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை தர்மபுரி கலெக்டர் ஆபீஸில் மனு வாங்குவார்கள். வாசலில் மனு எழுதுகிறவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "இதுக்கு நான் எழுதவே வேணாம்மா, இதுவே பேசுது" என்றாராம். அவர்கள் வரிசையில் நின்றபோது நான் ஓசூர் பஸ்ஸில் இருந்தேன். அன்று காலையிலேயே என்னை நிறுத்திவிட்டார்கள்.

சாருக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்த மாதிரி ஆட்களுக்கு எதுவும் ஆகாது. தலைமையகம் கலெக்டர் ஆபீஸ் கடிதத்துக்குப் பயந்து, நிலையத்தின் பணியாளர் செய்த சேதம் என்று ஏற்றுக்கொண்டு, புது மோட்டார் வாங்கி இறக்கிக் கொடுத்தது. பணியாளர் மேல் நடவடிக்கை எடுத்தாகிவிட்டது என்றும் எழுதினார்களாம். எல்லாருக்கும் திருப்தி. தன் நிலையத்தின்மேல் அப்படி ஒரு கடிதம் எப்படி வந்தது என்று அவர் கடைசிவரை கண்டுபிடித்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. வானத்தில் நூறு கிலோமீட்டர் அகலத்துக்குக் குமிழி எங்கே கிளம்புகிறது என்று சொல்லத் தெரியும். தன் கையால் எதைக் குத்தினோம் என்று தெரியாது.

மோட்டார் இறங்கிய மறுநாளே மாதம்மாக்கா போன் பண்ணினார்கள். நான் ஒரு குடோனில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் தண்ணீர் விழும் சத்தம் பெரிதாகக் கேட்டதால் கத்திப் பேசினார்கள்.

"வந்துருச்சு தம்பி! பளபளன்னு கீது. மேட்டுப்பக்கம் திரும்ப உழுது நாத்து வுட்டுட்டேன்."

"நல்லதுக்கா."

"நீ எங்க கீற? சாப்ட்டியா?"

"சாப்ட்டேங்க்கா."



"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அந்தாளு அந்த வேலிக்குள்ள உக்காந்துகினு இத்தன வருசமா என்னாதான் பண்றாரு?"

மூட்டையின்மேல் உட்கார்ந்தேன். மேலே காற்று அடுக்கடுக்காக நிற்பது, அலை போய்த் திரும்புவது, ஆட்டுக் கொம்பு மாதிரி கோடு, பொழுது சாய்ந்ததும் அது புகைவது, எங்கிருந்து தொடங்கலாம் என்று பார்த்தேன். "அதுங்க்கா, நம்ம தலைக்கு மேல நூறு கிலோமீட்டருக்கு அப்பால..." என்று ஆரம்பித்தேன்.

"இரு இரு, பாத்தி ரொம்பி ஒடைச்சிகினு போவுது," என்றார்கள். "மடை மாத்தணும், வச்சர்றேன்."